செடி பட்டுப்போனால் பெண்ணைக் குற்றம் சொல்லாதீர்கள்

சென்ற இதழில் வீட்டுச் செடி வளர்ப்பு பற்றி ஒரு நீண்ட கட்டுரை வந்தது. எழுதியவர் பல ஆண்டுகளாகச் செடி வளர்ப்பவர் என்று அறிமுகக் குறிப்பு சொன்னது. மதுரை தல்லாகுளத்தில் நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்தில் யாரோ அந்தப் பக்கங்களை நகலெடுத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். மாடியில் தொட்டி வைத்திருக்கும் பெண்கள் நின்று படிக்கிறார்கள். அவர்களில் ஒருவர் என்னிடம் வந்து, “அப்படின்னா எங்க வீட்டுத் துளசி போனதுக்கு நான்தான் காரணமாக்கா?” என்று கேட்டார். இந்தக் கேள்வியை ஒரு பெண்ணின் வாயில் வரவழைத்த கட்டுரைக்குப் பதில் எழுதாமல் இருக்க எனக்கு மனமில்லை.

கட்டுரையாளர் சொல்வதன் சாரம் இவ்வளவுதான். செடி வளர்வது கைராசியைப் பொறுத்தது. துளசி, கறிவேப்பிலை, மல்லிகை ஆகியவை திடீரென்று பட்டுப்போனால், வீட்டுக்குத் தூரமான பெண் யாராவது தொட்டார்களா என்று முதலில் விசாரிக்க வேண்டும். தொட்டிக்குத் தினமும் ஒரு சொம்பு தண்ணீர் தவறாமல் ஊற்ற வேண்டும். ஆர்.ஓ. இயந்திரம் கழிக்கும் தண்ணீரைச் செடிக்கு விட வேண்டும், ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீர் மட்டும் விஷம், விடவே கூடாது. படுக்கையறையில் ஸ்நேக் பிளான்ட் வைத்தால் இரவெல்லாம் ஆக்சிஜன் தரும். நான்கைந்து தொட்டி இருந்தால் வீட்டுக் காற்று சுத்தமாகிவிடும். இண்டோர் பிளான்ட் என்று விற்கும் செடிகளுக்கு வெயில் தேவையில்லை, அவற்றால் யாருக்கும் கெடுதலும் இல்லை.

இவற்றில் ஒன்றுகூட நிற்காது. சில செடியைக் கொல்லும். சில பணத்தைக் கரைக்கும். ஒன்று பெண்களை அவமதிக்கிறது, அதிலிருந்தே தொடங்குகிறேன்.

தீட்டுப் பட்டால் செடி வாடும் என்பதை ஒரு மேல்நாட்டு மருத்துவரே நிரூபித்திருக்கிறார் என்று கட்டுரையாளர் எழுதுகிறார். பெயரைச் சொல்லவில்லை. நான் சொல்கிறேன். அவர் பெயர் பேலா ஷிக். வியன்னாவில் குழந்தை மருத்துவராக இருந்தவர். தொண்டை அடைப்பான் நோய்க்கான எதிர்ப்பாற்றலைக் கண்டறியும் சோதனை அவர் பெயரால்தான் வழங்குகிறது. அந்தப் பெரிய மருத்துவர் 1920-இல் ஒரு மோசமான கட்டுரையையும் வெளியிட்டார். வீட்டு வேலைக்காரப் பெண்ணிடம் தந்த ரோஜாக்கள் மறுநாள் வாடிக் கிடந்தன. விசாரித்தபோது அவள் மாதவிலக்கில் இருந்தது தெரிந்தது. இதிலிருந்து கிளம்பி, மாதவிலக்கான பெண்களின் உடம்பிலிருந்து ஒரு நஞ்சு கசிகிறது என்றார். அதற்கு மெனோடாக்சின் என்று ஒரு பெயரும் வைத்தார். அடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்காவில் டேவிட் மாக்ட் என்பவர் பயறு வகை நாற்றுகளில் சோதித்து அதற்கு முட்டுக் கொடுத்தார். நூறு ஆண்டுகள் ஓடிவிட்டன. செடியை வாடவைக்கும் அப்படியொரு நஞ்சை எந்த ஆய்வுக்கூடமும் பிரித்தெடுத்துக் காட்டவில்லை. மருத்துவ உலகம் அந்தக் கருத்தைக் கைவிட்டுவிட்டது. கிளையிலிருந்து வெட்டிய ரோஜா மறுநாள் வாட எந்த நஞ்சும் தேவையில்லை.

இந்த எண்ணம் ஷிக்கோடு பிறந்ததும் அல்ல. முதலாம் நூற்றாண்டு ரோமானியரான பிளினி, மாதவிலக்கான பெண் தொட்டால் பயிர் கருகும் என்று தன் இயற்கை வரலாற்று நூலில் எழுதிவைத்திருக்கிறார். ஆகவே இது நம் முன்னோர் மட்டும் கண்டுணர்ந்த நுட்பம் என்று கட்டுரையாளர் பெருமைப்படவும் இடமில்லை. பெண்ணின் உடம்பைக் கண்டு பயந்த ஊர்களிலெல்லாம் இந்தப் பொய் முளைத்திருக்கிறது.

சான்றைத் தேடி அவர் வியன்னாவுக்குப் போயிருக்க வேண்டியதில்லை. மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்குப் போயிருக்கலாம். அங்கே குவியும் மல்லிகையை எடுப்பவர்கள் யார்? திருமங்கலம், உசிலம்பட்டி, திருப்பரங்குன்றம் பக்கத்துத் தோட்டங்களில் விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இறங்கும் பெண்கள். பருவத்தில் ஒருநாள் விட்டாலும் மொட்டு விரிந்து விலை போய்விடும். அதனால் நாள் தவறாமல் எடுக்கிறார்கள். எந்தத் தோட்டக்காரரும் மூன்று நாள் வராதே என்று சொல்லிக் கூலியாளை இழக்க மாட்டார். ஒவ்வொரு விடியலிலும் ஏதோ ஒரு வரிசையில் மாதவிலக்கான ஒரு பெண்ணின் விரல்கள் அந்தச் செடியைத் தொட்டுக்கொண்டிருக்கின்றன. அதே செடிதான் மறுநாளும் மொட்டு வைக்கிறது. அந்த மல்லிகைக்குத்தான் 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நாற்று நடும் பெண்களை எண்ணிப் பாருங்கள். வால்பாறையிலும் நீலகிரியிலும் கொழுந்து கிள்ளும் பெண்களை எண்ணிப் பாருங்கள். தீட்டுக்குச் செடியை வாட்டும் சக்தி இருந்திருந்தால் தமிழ்நாட்டில் நெல்லும் இல்லை, தேயிலையும் இல்லை, மல்லிகையும் இல்லை.

அப்படியானால் அந்த நாட்களில் துளசி வாடுவதைப் பாட்டிமார் கண்ணால் பார்த்தேன் என்கிறார்களே? பார்த்திருப்பார்கள். பார்த்ததற்குக் காரணம் வேறு. துளசிக்குத் தண்ணீர் ஊற்றும் வேலை வீட்டில் ஒரே ஒருத்திக்குத்தான். அவள் தூரமானால் மாடத்துப் பக்கம் போகக் கூடாது. அவளுக்குப் பதிலாக யார் ஊற்றுவது என்று யாரும் யோசிப்பதில்லை. சித்திரையில், திருவிழா எதிர்சேவைக்குக் கூட்டம் திரளும் அந்தக் கொதிக்கும் நாட்களில், சிமெண்ட் மாடத்தில் இருக்கும் இரண்டு கை மண் மூன்று நாள் தண்ணீர் இல்லாமல் என்ன ஆகும்? செடி துவண்டுவிடும். நான்காம் நாள் தலைக்குக் குளித்துவிட்டு அவள் வந்து பார்க்கும்போது, பழி அவள் மேல் ஏற்கெனவே விழுந்திருக்கும். விலக்கிவைத்ததால் செடி வாடியது. வாடியதைக் காட்டி விலக்கிவைத்தது சரி என்றார்கள். இந்தச் சுழலைக் கட்டுரையாளர் ஒரு கணமாவது யோசித்திருக்க வேண்டும்.

இது வெறும் துளசி விஷயம் என்று தள்ளிவிடவும் முடியாது. மதுரை மாவட்டத்துக் கூவலாபுரத்தில் மாதவிலக்கான பெண்கள் வீட்டைவிட்டு ‘முட்டுத்துறை’ என்ற தனியிடத்தில் போய்த் தங்கும் வழக்கத்தைப் பற்றி இந்த நூற்றாண்டிலும் செய்தித்தாள்கள் எழுதியிருக்கின்றன. அந்தச் சுவரை எழுப்பும் செங்கல்லைச் செடி வளர்ப்புக் குறிப்பு என்ற பெயரில் ஓர் இதழ் அச்சடித்துத் தரலாமா?

துளசி பட்டுப்போவதற்கு உண்மையான காரணங்கள் உண்டு. துளசி ஆலமரம் அல்ல; சில ஆண்டுகளே வாழும் செடி. கதிர் விட்டு விதை கட்டத் தொடங்கினால் தன் சத்தையெல்லாம் விதைக்குக் கொடுத்துவிட்டு இலையைச் சுருக்கிக்கொள்ளும். கதிர் தலைகாட்டும்போதே கிள்ளிவிட வேண்டும். பலர் கதிரைப் புனிதம் என்று விட்டுவைக்கிறார்கள். அடுத்த காரணம் மாடம். இப்போது கடைகளில் விற்கும் மாடங்கள் பலவற்றில் அடியில் துளையே கிடையாது. தினமும் பூசைக்கு ஒரு சொம்பு, தீர்த்தம் என்று இன்னொரு கரண்டி. தண்ணீர் வெளியேற வழியில்லாமல் வேர் அழுகுகிறது. மாடத்தைக் கவிழ்த்துப் பார்த்தாலே தெரியும் இந்த உண்மையை விட்டுவிட்டுப் பெண்ணை விசாரிக்கச் சொல்கிறார் ஒருவர்.

கைராசி என்பதும் இதே குடும்பத்துப் பொய்தான், கொஞ்சம் இனிப்புத் தடவியது. எனக்குக் கைராசி இல்லை, வைத்தது எதுவும் நிற்பதில்லை என்று சொல்லிச் செடி வளர்ப்பதையே விட்டுவிட்டவர்கள் நரிமேட்டிலும் பீபிகுளத்திலும் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். கைராசிக்காரி என்று பெயர் வாங்கியவளைக் கவனியுங்கள். காலையில் எழுந்ததும் தொட்டிப் பக்கம் போகிறாள். இலையைத் திருப்பி மாவுப்பூச்சி இருக்கிறதா என்று பார்க்கிறாள். மண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் தண்ணீர் விடுகிறாள். வெயில் திரும்பினால் தொட்டியை நகர்த்துகிறாள். அது உழைப்பு, கவனம். அதை அதிர்ஷ்டம் என்று சொல்வது அவளுடைய உழைப்பைத் திருடுவது. மற்றவர்கள் கற்றுக்கொள்ளும் வழியையும் அடைப்பது.

இனி தண்ணீர். தினமும் ஒரு சொம்பு என்ற விதியைவிட அதிகமான தொட்டிச் செடிகளைக் கொன்றது வேறெதுவும் இருக்காது. வேருக்கு மூச்சு உண்டு. மண் துகள்களுக்கு இடையிலுள்ள காற்றிலிருந்து அது ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. அந்த இடைவெளிகளில் எப்போதும் தண்ணீர் நிறைந்திருந்தால் ஆக்சிஜன் உள்ளே வர முடியாது. காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் அது ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவுகிறது. மூச்சு முட்டிய வேர் சாகிறது. பித்தியம் போன்ற பூஞ்சண வகைகள் நுழைந்து அழுக வைக்கின்றன. வேர் போனதும் இலைக்குத் தண்ணீர் ஏறாது. இலை துவள்கிறது, மஞ்சளாகிறது. காய்ந்த செடியும் இப்படித்தான் துவளும் என்பதால், பார்ப்பவர் தண்ணீர் பற்றவில்லை என்று நினைத்து இன்னொரு சொம்பு ஊற்றுகிறார். செடியின் கதை அத்தோடு முடிகிறது.

அழகர் கோயில் சாலையில் நாம் வாங்கும் இலைச் செடிகளில் கணிசமானவை ஆந்திரத்துக் கடியம் போன்ற நாற்றங்கால் ஊர்களிலிருந்து நிழல்வலைக்கு அடியில் வளர்ந்து வருபவை. பல தென்னைநார்க் கழிவில் நடப்பட்டிருக்கும். அந்தக் கழிவு மேலே காய்ந்து பழுப்பாகத் தெரியும்போதும் உள்ளே பிழிந்தால் தண்ணீர் வரும். மேலே பார்த்துத் தண்ணீர் ஊற்றுபவர் ஏமாந்துபோவார். விரலை இரண்டு அங்குலம் உள்ளே விடுங்கள். ஈரம் தட்டினால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். சித்திரை வெயிலில் மொட்டைமாடி ரோஜாவுக்கு இரண்டு வேளையும் தேவைப்படலாம். ஐப்பசி மழையில் கூடத்து மணி பிளான்ட்டுக்குப் பத்து நாளைக்கு ஒருமுறைகூட அதிகமாக இருக்கலாம். நாட்காட்டியைப் பார்த்து ஊற்றும் விதியால் இரண்டையும் காப்பாற்ற முடியாது.

ஆர்.ஓ. கழிவு நீர் பற்றிக் கட்டுரையாளர் சொன்னதுதான் மதுரைக்காரர்களுக்கு மிகப் பெரிய கேடு. சிக்கனம் என்று நல்லெண்ணத்தோடு செய்கிறார்கள் என்பதால் எடுத்துச் சொல்லவும் மனம் கஷ்டப்படுகிறது. நம் ஊரில் பல தெருக்களில் போர் தண்ணீர் உப்பு. அதனால்தானே அந்த இயந்திரத்தையே வாங்கினோம்? உள்ளே போகும் தண்ணீரில் லிட்டருக்கு 1,000 மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்று வையுங்கள். பாதி குடிநீராகவும் பாதி கழிவாகவும் பிரிந்தால், உப்பில் பெரும்பகுதி கழிவுக்குத்தான் போகும். அதில் லிட்டருக்குக் கிட்டத்தட்ட 2,000 மில்லிகிராம் வந்துவிடும். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் வைத்திருக்கும் விரும்பத்தக்க அளவு 500. வேறு நீராதாரமே இல்லாதபோது பொறுத்துக்கொள்ளும் உச்ச அளவு 2,000. அந்த உச்சத்தைத் தொடும் நீரைத்தான் ஒரு சின்னத் தொட்டிக்குள் நாள்தோறும் ஊற்றச் சொல்கிறார்.

வயலிலாவது மழை பெய்து உப்பைக் கீழே இறக்கும். தொட்டியில் தண்ணீர் ஆவியாகும், செடி குடிக்கும். உப்பு மட்டும் அங்கேயே தங்கும். நாளுக்கு நாள் ஏறும். மண்ணில் உப்பு ஏறினால் ஈரம் இருந்தும் வேரால் உறிஞ்ச முடியாது. இலை நுனி தீய்ந்தது மாதிரி பழுப்பாகிறது. மண்தொட்டியின் வெளிப்புறத்தில் வெள்ளை பூக்கிறது. அந்த நுனி தீய்வதைப் பார்த்துவிட்டுத்தான் கண்ணேறு என்று தொட்டிக்குச் சிவப்புத் துணி கட்டுகிறார்கள். ஆர்.ஓ. கழிவை வாசல் கழுவ, கழிப்பறைக்கு ஊற்ற வைத்துக்கொள்ளுங்கள். உப்பு ஏறிய தொட்டியை ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டு நாள் வெளியே வைத்தால் அடித்துளை வழியாக உப்பு கழுவிப் போகும். அந்த மழை போல ஒரு மருந்து கடையில் கிடையாது.

இதில் கொடுமை என்னவென்றால், விஷம் என்று அவர் ஒதுக்கிய ஏ.சி. தண்ணீர்தான் உப்பே இல்லாத தண்ணீர். அறைக் காற்றிலிருக்கும் ஈரம் குளிர்ந்த சுருளில் பட்டுச் சொட்டுவது அது. சத்து எதுவும் அதில் இருக்காது, ஆகவே உரம் தனியாகக் கொடுக்க வேண்டும். குழாயில் பாசி பிடிக்காமல் பார்த்துக்கொண்டு வாளியில் பிடித்து, தாராளமாகச் செடிக்கு விடலாம். கட்டுரையாளர் நல்லதை விஷம் என்கிறார், உப்பை உரம் என்கிறார்.

உச்சி வெயிலில் தண்ணீர் தெளித்தால் துளி கண்ணாடிவில்லை போல வெயிலைக் குவித்து இலையை எரிக்கும் என்ற பழைய பேச்சையும் அவர் விடவில்லை. 2010-இல் ஹங்கேரியின் ஆடாம் எக்ரி, காபோர் ஹார்வாத் குழுவினர் இதைச் சோதித்துப் பார்த்து வெளியிட்டார்கள். வழவழப்பான இலையில் ஒட்டிக் கிடக்கும் துளியால் இலை எரிவதில்லை. மெழுகு மயிர் உள்ள சில இலைகளில் துளி உயர்ந்து நிற்கும்போது மட்டும் அப்படி நடக்க இடமுண்டு. நம் மாடிகளில் மத்தியானம் செடி வெந்துபோவதற்குக் காரணம் கறுப்புத் தொட்டியும் வெயிலில் கிடக்கும் குழாயும். அதில் வரும் முதல் வாளித் தண்ணீரில் கை வைக்க முடியாது. அதைத் திறந்து நேராக வேரில் விட்டால் வேர் வேகும். அந்தச் சூட்டுத் தண்ணீரை வாளியில் பிடித்து ஆறவைத்துவிட்டு, வாடித் துவளும் செடிக்கு மத்தியானமே தண்ணீர் கொடுங்கள். சாயங்காலம்வரை காக்கவைத்துக் கொல்ல வேண்டாம்.

வெயில் தேவையில்லாத செடி என்று ஒன்று உலகத்தில் இல்லை. இலை தன் உணவை ஒளியிலிருந்துதான் சமைக்கிறது. இண்டோர் பிளான்ட் என்று விற்பவை, பெரும்பாலும் வெப்பமண்டலக் காடுகளில் மரநிழலில் வளர்ந்து பழகியவை. குறைந்த ஒளியைப் பொறுத்துக்கொள்ளும், அவ்வளவே. மதுரை மொட்டைமாடியில் நண்பகல் ஒளி ஒரு லட்சம் லக்ஸ் அளவில் இருக்கும். ஜன்னலிலிருந்து நாலைந்து அடி தள்ளி, திரை போட்ட கூடத்தில் அது சில நூறுக்கு இறங்கிவிடும். நம் கண் தன்னைச் சரிசெய்துகொள்வதால் அந்த வேறுபாடு நமக்குத் தெரிவதில்லை. செடிக்குத் தெரியும். இருட்டு மூலையில் வைத்த ஜீஜீ பிளான்ட் ஆறு மாதம் பச்சையாக நிற்கிறது என்றால், அது தன் கிழங்கில் சேர்த்துவைத்ததைத் தின்றுகொண்டிருக்கிறது. அதை வளர்ச்சி என்று எண்ணி அடுத்தவருக்குப் பரிந்துரைக்கிறார்கள். ஜன்னல் ஓரத்துக்குக் கொண்டுவாருங்கள். மூலையிலிருந்து நேரே மாடி வெயிலுக்குத் தூக்கினாலும் இலை கருகும். ஒரு வாரம் நிழலில் வைத்துப் பழக்கித்தான் வெளிச்சத்தைக் கூட்ட வேண்டும்.

மல்லிகை விஷயத்தில் இதே தவறு தலைகீழாக நடக்கிறது. மதுரை மல்லி தொட்டியில் பூக்கவில்லை, நம் வீட்டுக்கு ராசியில்லை என்று வருந்துபவர்கள் அதை பால்கனி நிழலில் வைத்திருப்பார்கள். அதற்கு நாள் முழுக்க வெயில் வேண்டும். கார்த்திகையில், அதாவது நவம்பர் இறுதி வாரத்தில், முழங்கால் உயரத்துக்குக் கவாத்து செய்ய வேண்டும். வெட்டினால் செடிக்கு வலிக்கும் என்று விட்டுவைத்தால் கொடி நீளும், மொட்டு வராது. இலை நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருந்தால் அது இரும்புச் சத்துக் குறை. நம் காரத்தன்மை உள்ள மண்ணிலும் தண்ணீரிலும் அது சகஜம். அன்னபேதி உப்பை லிட்டருக்கு 5 கிராம் கரைத்து இலையில் தெளித்தால் தெளியும். முட்டை ஓட்டைப் பொடித்துப் போடுவதால் தெளியாது. அதில் இருக்கும் சுண்ணாம்பு நம் போர் தண்ணீரிலேயே வேண்டிய மட்டும் இருக்கிறது.

காற்றுக்கு வருகிறேன். ஸ்நேக் பிளான்ட் இரவில் ஆக்சிஜன் தருகிறது என்பது எங்கும் பரவிக் கிடக்கும் பொய். 1779-இல் யான் இங்கென்ஹவுஸ் என்ற டச்சு மருத்துவர், ஒளி இருக்கும்போது மட்டுமே பச்சை இலை ஆக்சிஜனை வெளியிடுகிறது, இருட்டில் அது நம்மைப் போலவே மூச்சு விடுகிறது என்று காட்டிவிட்டார். ஸ்நேக் பிளான்ட்டும் அதற்கு விலக்கில்லை. வறண்ட நிலத்துச் செடியான அது, பகலில் ஈரம் போகாமலிருக்க இலைத்துளைகளை மூடிக்கொண்டு, இரவில் திறந்து கரியமில வாயுவை வாங்கிச் சேமிக்கிறது. சேமித்ததைப் பகல் ஒளியில்தான் உணவாக்குகிறது. ஆக்சிஜனும் அப்போதுதான் உண்டாகிறது. இரவில் வாங்குவதைப் பார்த்துவிட்டு இரவில் கொடுக்கிறது என்று எழுதுவது படிக்காமல் எழுதுவது. துளசி ஓசோன் விடுகிறது என்பதும் பொய். விட்டிருந்தால் அதை வீட்டுப் பக்கமே வைக்கக் கூடாது, சுவாசிக்கும் காற்றில் ஓசோன் நுரையீரலைப் புண்ணாக்கும்.

இரவில் மற்ற செடிகள் ஆக்சிஜனைத் தின்றுவிடும் என்ற பயமும் வேண்டாம். பத்துக்குப் பத்து அடி அறையில், பத்தடி உயரம் என்றால், ஏறத்தாழ 28,000 லிட்டர் காற்று இருக்கிறது. அதில் 5,900 லிட்டர் ஆக்சிஜன். ஒரு மனிதர் ஒரு நாளைக்குச் செலவழிப்பது 550 லிட்டர் அளவு. பக்கத்தில் படுத்திருப்பவரோடு ஒப்பிட்டால் தொட்டிச் செடியின் இரவு மூச்சு கணக்கிலேயே வராது.

வீட்டுக் காற்றைச் செடி சுத்தம் செய்கிறது என்ற கதைக்கு இரண்டு ஊற்றுகள் உண்டு. ஒன்று, 1989-இல் நாசாவுக்காக வுல்வர்டன் செய்த ஆய்வு. அது காற்றுப் புகாத சிறு பெட்டிக்குள் செடியை வைத்து, பென்சீன், ஃபார்மால்டிஹைடு போன்றவற்றைச் செலுத்தி, எவ்வளவு குறைகிறது என்று பார்த்தது. விண்கலத்துக்கு அது பொருந்தலாம். ஜன்னல் உள்ள வீட்டுக்குப் பொருந்தாது. இன்னொன்று, டெல்லியைச் சேர்ந்த கமல் மீட்டில் 2009-இல் டெட் மேடையில் பேசியது. அரேகா பனை, ஸ்நேக் பிளான்ட், மணி பிளான்ட் ஆகிய மூன்றை வைத்து வேண்டிய காற்றையெல்லாம் வீட்டுக்குள்ளேயே விளைவிக்கலாம் என்றார் அவர். அந்தப் பேச்சிலேயே அவர் சொன்ன எண்ணிக்கையை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. தன் கட்டிடத்தில் 300 பேருக்கு 1,200 செடி அளவில் வைத்திருந்ததாகச் சொன்னார். நான்கு பேர் குடும்பத்துக்கு நான்கு தொட்டி போதும் என்று கட்டுரையாளர் எங்கிருந்து எடுத்தார்?

2019-இல் அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழகத்து கம்மிங்ஸ், வாரிங் இருவரும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்குப் போட்டார்கள். ஒரு கட்டிடத்தில் இயல்பாகக் காற்று வந்து போவதால் நீங்கும் அளவு மாசைச் செடிகளால் நீக்க வேண்டுமானால், ஒரு சதுர மீட்டர் தரைக்குக் குறைந்தது 10, கூடினால் 1,000 செடிகள் வேண்டும். பத்துக்குப் பத்து அடி அறைக்குக் குறைந்தபட்சமே 90-ஐத் தாண்டுகிறது. கட்டில் போட இடமிருக்காது. ஜன்னலைத் திறந்துவையுங்கள், அந்த வேலை முடிந்துவிடும். கோரிப்பாளையம் சந்திப்பின் புகை உள்ளே வருகிறதே என்றால், அது பேருந்தும் ஆட்டோவும் கக்கும் புகை. அதை நிறுத்தக் கேட்க வேண்டிய இடம் மாநகராட்சி. தொட்டிச் செடியைக் காட்டி அந்தக் கேள்வியை மறக்கடிக்கக் கூடாது. செடி வீட்டில் இருந்தால் மனசு நிறைகிறது, கண் குளிர்கிறது. வளர்ப்பதற்கு அந்தக் காரணமே போதும். அதன் மேல் மூச்சுத்திணறல் உள்ளவர்களின் நம்பிக்கையை ஏற்றி விற்பது தப்பு.

சில்லறைத் தவறுகளை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். இலையில் பாலோ தேங்காயெண்ணெயோ தடவினால் பளபளக்கும், கூடவே தூசி ஒட்டி இலைத்துளையை அடைக்கும், ஈரத்துணி போதும். தொட்டி அடியில் ஜல்லி கொட்டினால் வடிகால் அதிகமாகாது. மண் முழுக்க ஊறி நிறைந்த பிறகே தண்ணீர் ஜல்லிக்குள் இறங்கும், ஆகவே ஈரம் நிற்கும் மண் வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்துவிடும். துளைமேல் ஓர் ஓட்டாஞ்சில்லு மட்டும் வையுங்கள். பஞ்சகவ்யத்தைக் கெட்டியாக ஊற்றாதீர்கள். வேளாண் பல்கலைக்கழகம் சொல்வது 3 சதவீதக் கரைசல், அதாவது 10 லிட்டருக்கு 300 மில்லி. மண் பற்றிச் சந்தேகமா, ஒத்தக்கடை வேளாண் கல்லூரி 1965 முதல் நம் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே போய்க் கேளுங்கள்.

கடைசியாக, இண்டோர் செடிகளால் யாருக்கும் கெடுதல் இல்லை என்ற வரி. அதைத்தான் என்னால் பொறுக்கவே முடியவில்லை. வெள்ளைப் புள்ளிகளோடு அகலமான இலை கொண்ட டிஃபன்பேக்கியா கூடம் கூடமாக நிற்கிறது. அதன் இலையிலும் தண்டிலும் கால்சியம் ஆக்சலேட் ஊசிப் படிகங்கள் இருக்கின்றன. குழந்தை கடித்தால் நாக்கும் உதடும் தொண்டையும் எரிந்து வீங்கும். சில சமயம் பேச்சே வராது. மணி பிளான்ட்டிலும் இதே படிகம் உண்டு. தெரிந்து வளர்த்தால் பயமில்லை. கெடுதலே இல்லை என்று அச்சில் படித்து நம்பும் தாய்க்கு அந்த வரி ஆபத்து.

இதழாசிரியருக்கு ஒரு வேண்டுகோள்: தீட்டு பற்றிய பத்தியையும் இந்த வரியையும் அடுத்த இதழில் திருத்தி, அதே அளவு எழுத்தில் வெளியிடுங்கள். வாசகர்களுக்கு: வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் டிஃபன்பேக்கியா தொட்டியை இன்றைக்கே எட்டாத உயரத்துக்கு மாற்றுங்கள். குழந்தை கடித்துவிட்டால் வாயைத் துடைத்துக் கழுவிவிட்டு, வீக்கம் தெரிந்தாலோ மூச்சு சிரமப்பட்டாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். கடித்த இலையையும் கையில் எடுத்துச் செல்லுங்கள்.